வெளிச்சம் போவதற்குள்

"ஜனங்க மனசை எப்படி ஆலிம்சா மாத்துறது?"

சதக்கத்துல்லா கேட்டது இதுதான். சலாம் சொல்லி, உட்கார்ந்து, நெற்றி வியர்வையைத் துடைத்த பிறகு கேட்டார். குரலில் கோபம் இல்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே. நோன்பு வேறு.

சாலிஹ் ஆலிம்சா பள்ளிவாசலின் பின்பக்கத்தில் நோன்புக் கஞ்சிக் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். மார்க்கம் படித்த ஆலிம்சா என்றதும் வெள்ளைத் தாடியை நினைத்துக்கொள்ள வேண்டாம். மனுஷனுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. சதக் என்கிற சதக்கத்துல்லாவோ பேரன் எடுத்தவர். "அந்தப் பொடிப்பயகிட்ட போய் என்னத்தைக் கேக்குறீக?" என்று அவர் மனைவியே கேலி செய்வாள். ஆனாலும் மனசு கனத்தால் சதக் இங்கேதான் வருவார். ஏன் என்று அவருக்கும் தெரியாது.

"எத்தனை பேர் மனசை, காக்கா?"

காக்கா என்றால் அந்தக் கடலோர ஊரில் அண்ணன்.

"ஊர் உலகம் பூரா."

"பெரிய வேலைதான்" என்ற ஆலிம்சா அடுத்த கோப்பையை எடுத்தார்.

சதக் விளம்பரக்காரர். சென்னையில் இருந்த காலத்தில் ஊறுகாயிலிருந்து உள்பாவாடை வரைக்கும் விற்றுக் கொடுத்தவர். ஊர் திரும்பியதும், விற்ற பாவத்துக்கெல்லாம் சேர்த்து ஒரு நல்ல காரியம் பண்ணலாம் என்று 'கைத்துணை' என்கிற தொண்டு நிறுவனத்துக்குப் படம் எடுத்துக் கொடுக்கிறார். தகப்பன் இல்லாத பிள்ளைகள், படிப்பைப் பாதியில் விட்ட பிள்ளைகள், இப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு பெரிய மனுஷரைத் துணையாகச் சேர்த்துவிடுகிற நிறுவனம் அது. வாரம் ஒருநாள் உட்கார்ந்து பேச வேண்டும், அவ்வளவுதான் வேலை. கேட்பதற்குச் சின்ன விஷயம். கிடைக்காதவனுக்குத்தான் தெரியும் அதன் அருமை.

அப்படிச் சேர்ந்தவன்தான் நைனா முகம்மது. வாப்பா போனதும் பாலிடெக்னிக்கை விட்டுவிட்டு ஒரு செல்போன் கடையில் உட்கார்ந்துவிட்ட பையன். அவனுக்குத் துணையாக வந்தவர் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்ற கலியமூர்த்தி. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சாயங்காலம் இரண்டு பேரும் கடற்கரைச் சுவரில் உட்கார்ந்திருப்பார்கள். சும்மா இல்லை. விட்டுப்போன அரியர் எல்லாவற்றையும் எழுத வைத்தே தீருவது என்று கலியமூர்த்தி ஒற்றைக்காலில் நின்றார். பையனும் மெல்ல மெல்ல வழிக்கு வந்தான்.

இதைப் பார்த்த சதக்குக்குக் கை பரபரத்தது. நோன்பு மாதம் பிறந்ததும் படம் எடுத்துவிட்டார்.

"படம் நெட்ல ஓடுது ஆலிம்சா. என் ஆயுசில அப்படி எதுவும் ஓடினதில்லை. ஆனா கீழ என்ன எழுதுறாங்க தெரியுமா?"

"என்ன எழுதுறாங்க?"

"'எல்லாரும் இவனை மாதிரி இருந்துட்டா பிரச்சினையே இல்லை'ன்னு ஒருத்தர். 'பாய் மாதிரியே தெரியலையே, தங்கமான பையன்'னு இன்னொருத்தர். பாராட்டுறாங்களாம்! திட்டுறவனையாவது தாங்கிக்கலாம்."

ஆலிம்சாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சதக்குக்கு வரவில்லை.

"நானும் எவ்வளவு காலமாத்தான் இதையே சொல்லிக்கிட்டிருக்கிறது? நாங்களும் உங்களை மாதிரித்தான், எங்களுக்கும் பசிக்கும், எங்க பிள்ளையும் பரீட்சையில பெயிலாகும்னு. சலிச்சுப்போச்சு ஆலிம்சா. வாய் வலிக்குது."

"சரி. இப்ப எங்கிட்ட என்ன வேணும்?"

சதக் ஈரத்தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"பெருநாளுக்கு இன்னொரு படம் கேக்குறாங்க. அதே பையன் வேணுமாம். ஆனா நைனா போனை எடுக்க மாட்டேங்கிறான். கடைக்குப் போனா பின்வாசல் வழியாப் போயிடுறான். அது கிடக்கட்டும், கலியமூர்த்தி சார்கிட்டயும் வர்றதில்லை. அந்த மனுஷன் வாராவாரம் தனியா உட்கார்ந்துட்டுப் போறார். பரீட்சை வேற வருது. இப்ப விட்டா அப்புறம் அவன் எழுதவே மாட்டான். நீங்க சொன்னா கேப்பான்."

"அவன் ஏன் வரலை?"

"அதான் தெரியலையே! ஊரே கொண்டாடுது. இவனுக்கு என்ன குறை?"

ஆலிம்சா கோப்பைகளை விட்டு எழுந்து கையைத் துடைத்தார். "படத்தைக் காட்டுங்க."

சின்னப் படம். கடற்கரைச் சுவரில் நைனா உட்கார்ந்திருக்கிறான். தலையில் தொப்பி. பக்கத்தில் விபூதிப் பட்டையோடு கலியமூர்த்தி. அவர் ஒரு பேரீச்சம்பழத்தை நீட்டுகிறார். பையன் வாங்கிக் கடிக்கிறான். கன்னத்திலும் காது மடலிலும் பொன் மாதிரி வெயில். 'இவனும் நம்ம வீட்டுப் பிள்ளை' என்று எழுத்து வருகிறது. பார்த்தவர்கள் அழுதார்கள். உண்மையாகவே அழுதார்கள்.

ஆலிம்சா அழவில்லை. திரும்ப ஒருதரம் பார்த்தார். போனைத் திருப்பிக் கொடுத்தார். உள்ளே போய் ஒரு பேரீச்சம்பழத்தோடு வந்தார்.

"கையில வச்சுக்கங்க. கொஞ்சம் நடப்போம்."

"இந்த வெயில்லயா?"

"இந்த வெயில்லதான்."

நோன்பு வயிற்றோடு நடப்பது சதக்குக்குப் பாடாக இருந்தது. மனசுக்குள் ஆலிம்சாவை நாலு வார்த்தை சொல்லிக்கொண்டே போனார். கடற்கரைச் சுவர் வந்தது. நைனா உட்கார்ந்த அதே இடத்தைக் காட்டி, "உட்காருங்க" என்றார் ஆலிம்சா.

சதக் உட்கார்ந்தார். மேற்கே பனைகளுக்கு மேலே சூரியன் நின்றது. வெயில் அவர் கன்னத்தில் விழுந்தது.

"நல்ல வெளிச்சம்" என்றார் ஆலிம்சா.

"ஆமா. இதுக்காகத்தான் இந்த நேரத்தைப் பிடிச்சோம். பனைக்குக் கீழ இறங்கிட்டா முகம் செத்துப்போகும்."

"பழத்தைக் கடிங்க."

சதக் அவரை ஏறிட்டுப் பார்த்தார். விளையாட்டு மாதிரித் தெரியவில்லை.

"என்ன ஆலிம்சா?"

"கடிங்க காக்கா. வெளிச்சம் போயிடும்."

"இன்னும் பாங்கே சொல்லலையே ஆலிம்சா!"

பதறிக்கொண்டு வந்தது வார்த்தை. பழம் கையிலிருந்து நழுவப் பார்த்தது.

"அப்படியா?" என்றார் ஆலிம்சா. கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சதக் கையிலிருந்த பழத்தைப் பார்த்தார். அவருக்குள் அந்தச் சாயங்காலம் திரும்பி வந்தது.

படப்பிடிப்பு ஆட்கள் சுற்றி நிற்கிறார்கள். சூரியன் பனையைத் தொடப்போகிறது. கலியமூர்த்தி பழத்தை நீட்டுகிறார். நைனா வாங்கிக்கொண்டு, கடிக்காமல் சதக்கைப் பார்க்கிறான். கலியமூர்த்தியும் சதக்கைத்தான் பார்க்கிறார். அவருக்கு இந்த முறையெல்லாம் தெரியாது. தெரிந்த பாய் பக்கத்தில் இருக்கிறாரே, அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். சதக்கோ இரண்டு பேரையும் பார்க்கவில்லை. அவர் கண் கேமராத் திரையில் இருந்தது. "கடிப்பா, வெளிச்சம் போயிடும்" என்றார். பையன் கடித்தான். சரியாக வரவில்லை என்று இன்னொரு பழம் கொடுத்தார்கள். அதையும் கடித்தான்.

அந்தப் படத்தை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். வெயிலின் அழகைப் பார்த்தார். வெயில் இருக்கும்போது நோன்பு திறக்க முடியாது என்பது அவர் புத்தியில் ஏறவே இல்லை. உம்மா மடியிலிருந்து தெரிந்த விஷயம். ஐயோ அல்லா.

"அன்னைக்கு நீங்களும் நோன்புதானே?" என்று கேட்டார் ஆலிம்சா.

"ஆமா."

"எப்பத் திறந்தீங்க?"

சதக் பழத்தைச் சுவரில் வைத்தார்.

"பாங்கு சொன்ன பிறகு."

பாங்கு கேட்டதும் அதே சுவரோரம் பாய் விரித்து, எல்லாருக்கும் கஞ்சி ஊற்றிக் கொடுத்ததும் அவர்தான். நைனாவுக்கும் ஒரு கோப்பை நீட்டினார். "வயிறு நிறைஞ்சிருச்சு காக்கா" என்றான் அவன். தள்ளிப் போய் அலையில் கை கழுவிக்கொண்டு நின்றான். "ரெண்டு பழத்துக்கே வயிறு நிறையுதா உனக்கு!" என்று சதக் சத்தம் போட்டுச் சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பை நினைத்ததும் சதக்குக்கு உடம்பு கூசியது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அந்தப் பய" என்றார் மெல்ல.

அதற்கு ஆலிம்சா வேறு ஒன்று கேட்டார்.

"ஊர் உலகம் பூரா மனசை மாத்தணும்னீங்களே. அதுல நைனா உண்டா?"

அதற்குமேல் அவர் அங்கே நிற்கவில்லை. பள்ளிவாசலில் கோப்பைகள் பாதியில் கிடந்தன.

சதக் எழுந்து போகலாம் என்று பார்த்தார். மனசு வரவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தபோது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கலியமூர்த்தி வந்தார். அன்று வெள்ளிக்கிழமை.

"பாய், நீங்களா? தம்பி வந்துட்டானோன்னு நினைச்சேன்."

"இல்லை சார்."

கலியமூர்த்தி பக்கத்தில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். உள்ளே பேரீச்சம்பழம்.

"வாராவாரம் வாங்கிட்டு வந்துடுறேன். வந்தான்னா கொடுக்கலாமேன்னு." சதக் பக்கம் திரும்பினார். "பாய், ஒண்ணு கேக்கலாமா? அன்னைக்குப் பழத்தை நான் தப்பான கையில ஏதும் கொடுத்துட்டேனா? உங்க வழக்கம் எனக்குத் தெரியாது. நான் ஏதாவது தப்புப் பண்ணியிருந்தா, அவன் காலைப் பிடிச்சுக்கூட மன்னிப்புக் கேட்டுடுவேன்."

சதக்குக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கவும் தோன்றவில்லை.

"நீங்க இல்லை சார். நான்."

நடந்ததைச் சொன்னார். கலியமூர்த்தி கேட்டுவிட்டுப் பொட்டலத்தை மெல்ல மடித்தார். "அடப்பாவமே! புள்ளை வாயைத் திறக்கலையே" என்றார். சதக்கைத் திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். திட்டவில்லை.

மறுநாள் கைத்துணையின் தலைவி சுகந்தி அம்மாவுக்குச் சதக் போன் போட்டார். நெட்டிலிருந்து படத்தை நீக்கிவிட வேண்டும் என்றார்.

"என்ன சார் விளையாடுறீங்க? இப்படியொரு படம் இனி நமக்கு அமையுமா? இதைப் பார்த்துட்டு எத்தனை பேர் துணையா வரோம்னு சேர்ந்திருக்காங்க!"

"தெரியும்மா."

"பாங்கு எப்பச் சொல்வாங்கன்னு பாக்குறவங்களுக்கு எங்க சார் தெரியும்?"

"அவனுக்குத் தெரியும்மா."

அந்த அம்மாள் கெட்டவர் இல்லை. பெருமூச்சு விட்டார், பிறகு போனை வைத்துவிட்டார். சாயங்காலம் படம் நீக்கப்பட்டுவிட்டது. பெருநாள் படத்துக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். சதக்கைக் கூப்பிடவில்லை. "யாரோ மிரட்டிட்டாங்க, அதான் தூக்கிட்டாங்க" என்று சிலர் எழுதினார்கள். அதையும் சதக் படித்தார். பதில் எழுதக் கை வரவில்லை.

பெருநாள் வந்து போனது. பிரியாணிச் சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று. ஊர் வழக்கம்போல மூன்று வேளையும் தின்ன ஆரம்பித்தது.

சதக் நைனாவின் கடைக்குப் போனார். அவன் எழுந்து பின்வாசலைப் பார்த்தான்.

"ஓடாதேப்பா. படம் எடுக்க வரலை."

நின்றான்.

"அன்னைக்குப் போன நோன்பைத் திரும்பப் பிடிக்கணும்ல?"

நைனா தலை குனிந்தபடி நின்றான். கையில் யாருடைய போனோ திறந்தபடி இருந்தது.

"நீங்க சொன்னீங்களேன்னுதான் கடிச்சேன்" என்றான் கடைசியில். "எல்லாரும் காத்துக்கிட்டு நின்னீங்க. உம்மாகிட்டகூடச் சொல்லலை. அது படத்தைப் பாத்துப் பாத்து அழுதுச்சு, எம்புள்ளை எவ்வளவு அழகுன்னு."

"என்னால போச்சு நைனா" என்றார் சதக். "வெள்ளிக்கிழமை நீ பிடி. நானும் பிடிக்கிறேன்."

அவன் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சதக் போனபோது கலியமூர்த்தி சுவரில் இருந்தார், முகம் வாடிப்போய். "விஷயம் தெரிஞ்சு நானும் காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலை பாய். மத்தியானமே தலை சுத்திடுச்சு. எப்படித்தான் மாசம் முழுக்க இருக்கீங்களோ!"

நேரம் போனது. இன்றைக்கும் தனியாகத்தான் எழுந்து போக வேண்டுமோ என்று இரண்டு பேருக்கும் தோன்றியது. அதைச் சொல்லாமல் கரண்ட் பில் ஏறியதைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள்.

அப்புறம் நைனா வந்தான். உதடு காய்ந்திருந்தது. கையில் அரியர் பாடப் புத்தகம். இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்தான்.

கலியமூர்த்தி பொட்டலத்தைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டார். இந்தத் தடவை நீட்டவில்லை.

சூரியன் பனைகளைத் தொட்டது. நைனாவின் கன்னத்தில் பொன் மாதிரி வெயில் விழுந்தது. அன்று விழுந்ததைவிட அழகாக விழுந்தது. சதக்கின் கை பழக்கதோஷத்தில் சட்டைப் பையிலிருந்த போனுக்குப் போனது. நைனா அந்தக் கையைப் பார்த்தான்.

கை வெறுமனே திரும்பி வந்தது.

பனைக்குக் கீழே சூரியன் இறங்கியது. முதலில் காது மடல், பிறகு கன்னம், ஒவ்வொன்றாக வெயில் கழன்றுகொண்டே வந்தது. பாங்கு இன்னும் சொல்லவில்லை.

"காக்கா" என்றான் நைனா. "வெளிச்சம் போகுது."

"போகட்டும்பா" என்றார் சதக்.