ஒரு குறையும் இல்லாத இடம்

நொய்யல் கரையில் ஒரு சின்ன ஆசிரமம். ஆசிரமம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓட்டு வீடு ஒன்று, மாட்டுக்கொட்டகை ஒன்று, நாச்சம்மாள் என்ற குரு, அவரைச் சுற்றிக் கைப்பிடி அளவு சீடர்கள். அவ்வளவுதான்.

நாச்சம்மாளுக்கு ஐம்பது வயது நிறையவில்லை. மூத்த சீடர் தெய்வசிகாமணிக்கு அறுபது எப்போதோ தாண்டிவிட்டது. அதனால் குரு சீடரை அண்ணா என்பார், சீடர் குருவை அம்மா என்பார். புதிதாக வருகிறவர்கள் இதில் யார் யாருக்குக் குரு என்று கொஞ்ச நேரம் முழிப்பார்கள்.

சிகாமணி கோயம்புத்தூரில் ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் தரம் பார்க்கிற வேலையில் இருந்தவர். அங்கிருந்து வெளியே போகும் ஒவ்வொரு மோட்டாரும் அவர் கை சாக்பீஸ் பட்டுத்தான் போக வேண்டும். நல்லதென்றால் ஒரு டிக். இல்லையென்றால் ஒரு பெருக்கல் குறி. பெருக்கல் குறி விழுந்த மோட்டாருக்கு முதலாளியே சிபாரிசுக்கு வந்தாலும் சிகாமணி மசியமாட்டார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தார், சட்டைப் பையில் இருந்த சாக்பீஸைத் தவிர. பழக்கதோஷம்.

அந்த வருஷம் ஆடி மாதம் நாச்சம்மாளின் வயிற்றில் கட்டி என்றார்கள். பார்க்க வேண்டிய டாக்டரையெல்லாம் பார்த்தாயிற்று. கடைசியாகப் பார்த்தவர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். குணமாக்க இனி மருந்தில்லை, நாளும் அதிகமில்லை, வலி தெரியாமல் கடைசிவரை பார்த்துக்கொள்ளும் இல்லமாகப் பார்த்துச் சேர்த்துவிடுங்கள் என்றார். அப்படிப்பட்ட இல்லங்கள் பக்கத்தில் இரண்டு இருப்பதாகவும் சொன்னார்.

சீடர்கள் எல்லாரும் அழுதார்கள். அழுது முடித்ததும் எல்லார் கண்ணும் சிகாமணி பக்கம் திரும்பியது. தரம் பார்க்கத் தெரிந்த ஆள் அவர்தானே.

சிகாமணி இந்த விஷயத்தில் ஏற்கெனவே ஒருமுறை ஏமாந்தவர். அவருடைய மனைவி ராஜாமணி ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் தனியாகப் போய்ச் சேர்ந்தவள். அந்த ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுத்ததும் சிகாமணிதான். தரை முகம் பார்க்கிற மாதிரி இருக்கிறதே என்று நம்பிச் சேர்த்தார். மோட்டார் சரியில்லையென்றால் திருப்பி அனுப்பிவிடலாம். இதை யாரிடம் திருப்பி அனுப்புவது?

அவர் நேரே குருவிடம் போய் நின்றார். நாச்சம்மாள் கட்டிலில் உட்கார்ந்து முறத்தில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, எனக்கு இரும்புதான் தெரியுமுங்க. ஒரு இல்லம் நல்ல இல்லமா இல்லையான்னு எதை வெச்சுங்க பாக்கறது?"

"படுத்திருக்கறவங்ககிட்டப் போயி, இங்க என்ன குறைன்னு கேளுங்ணா. சொல்றதை அப்படியே கொண்டாந்து எங்கிட்டச் சொல்லுங்க. நீங்களா ஒண்ணும் சேக்க வேண்டாம்."

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதானுங்ணா."

சிகாமணி போகத் திரும்பியவர் நின்று கேட்டார். "வலி எப்படி இருக்குதுங்கம்மா?"

"எனக்கென்னங்ணா. ஒரு குறையும் இல்லை" என்று சிரித்தார் நாச்சம்மாள். இடது கை மட்டும் கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்திருந்தது. சிகாமணி அதைப் பார்க்கத்தான் செய்தார். மனசில் வாங்கிக்கொள்ளவில்லை.

முதல் இல்லத்துக்கு மறுநாளே போனார். வாசலில் புல்தரை, உள்ளே சலவைக்கல். டை கட்டிய மேனேஜர் கூடவே வந்தார். சிகாமணி பழைய பழக்கத்தில் ஜன்னல் விளிம்பை விரலால் தேய்த்துப் பார்த்தார். தூசி மருந்துக்குக்கூட இல்லை. ஒரு இருமல் சத்தம் இல்லை, ஒரு பாத்திரச் சத்தம் இல்லை.

முதல் கட்டிலில் ஒரு பெரியவர் படுத்திருந்தார்.

"ஏனுங்க, இங்க என்ன குறைங்க?"

பெரியவர் மேனேஜரைப் பார்த்தார். பிறகு, "ஒரு குறையும் இல்லீங்க" என்றார்.

அடுத்த கட்டிலில் இருந்த அம்மாளும் மேனேஜரைப் பார்த்துவிட்டு அதையேதான் சொன்னார். அதற்கடுத்த கட்டிலிலும் அதே பேச்சு, வார்த்தை மாறவில்லை. சிகாமணிக்குப் பரம திருப்தி. வாழ்நாள் முழுக்க இப்படி ஒரு சரக்கு அவர் கண்ணில் பட்டதில்லை. கை தானாகச் சாக்பீஸைத் தேடியது. கேட்டில் ஒரு டிக் போட்டுவிட்டு வந்திருப்பார், மேனேஜர் பார்க்கிறாரே என்று அடக்கிக்கொண்டார்.

"அம்மா, கேட்ட இடத்துலயெல்லாம் ஒரே பதிலுங்க. ஒரு குறையும் இல்லைங்கறாங்க. சத்தமே இல்லாத இடமுங்க. தேடிக்கிட்டிருந்த கொடி காலைச் சுத்துன மாதிரி ஆயிப்போச்சுங்க" என்று வந்து சொன்னார்.

நாச்சம்மாள் உம் என்று கேட்டுக்கொண்டார்.

"ரெண்டாவதையும் பாத்துட்டு வந்துருங்ணா."

"இதுக்கு மேல பாக்கறதுக்கு என்னங்க இருக்குது?"

"கத்தரிக்காய் வாங்கறதுக்கே ரெண்டு கடை ஏறி இறங்கற ஆளு நீங்க."

அது உண்மைதான். சிகாமணி கிளம்பினார்.

இரண்டாவது இல்லத்தின் கேட்டைத் தள்ளியதும் அது கிரீச்சென்று ஊரைக் கூட்டியது. சிகாமணிக்கு அங்கேயே பாதி நம்பிக்கை போயிற்று. உள்ளே கொடிகளில் போர்வை காய்ந்தது. எங்கோ ரேடியோ பாடியது, அதோடு போட்டி போட்டு யாரோ பாடினார்கள். ஜெயராக்கினி என்ற நர்ஸ் மருந்துத் தட்டோடு எதிரே வந்தாள்.

"நோயாளிகளோட பேசோணுமுங்க" என்றார் சிகாமணி.

"போயிப் பேசுங்க. அவங்க பேச ஆரம்பிச்சா நீங்க கிளம்பறது கஷ்டம்" என்று சொல்லிவிட்டு அவள் தன் வேலையைப் பார்க்கப் போனாள்.

கூடத்தில் இரண்டு பேர் தாயம் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மாரப்பன், ஒரு காலத்தில் லாரி ஓட்டினவர், இப்போது எலும்பும் தோலுமாக இருந்தார். எதிரே கண்ணாத்தாள், மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். நடுவில் முக்காலிமேல் ஒரு பலகை, அதில் தாயக்கட்டம்.

"ஏனுங்க, இங்க என்ன குறைங்க?"

மாரப்பன் தாயக்கட்டையைக் கீழே வைத்தார். "உக்காருங்க. எங்கிருந்து ஆரம்பிக்கட்டும்?"

காபியிலிருந்து ஆரம்பித்தார். அது காபி இல்லையாம், கழனித்தண்ணியாம். மாட்டுக்கு வைத்தால் மாடு கோபித்துக்கொள்ளுமாம். இட்லியைச் சுவரில் அடித்தால் அடித்தவர் கைக்கே திரும்பி வருமாம். மேலே சுற்றும் ஃபேன் டக்டக்கென்று பல்லைக் கடிக்கிறதாம். நர்ஸ் கை ஐஸ்கட்டியாம், தொட்டால் பாதி உயிர் அங்கேயே போய்விடுகிறதாம்.

"அதெல்லாம் கிடக்கட்டுமுங்க. இந்த மனுசன் தாயத்துல அழுகுணி ஆட்டம் ஆடறாரு. கேக்கறதுக்கு இங்க ஒரு நாதியில்லை" என்றார் கண்ணாத்தாள்.

"போன வாரம் எனக்கு ஊசி போட நேரமாக்கிட்டா இந்தப் பொண்ணு. பிடிபிடின்னு பிடிச்சுட்டேன்" என்றார் மாரப்பன்.

ஜெயராக்கினி தட்டோடு திரும்பி வந்துகொண்டிருந்தாள். "ஆமாங்க. அன்னைக்குத் தப்பு எம்மேலதான். நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்" என்றாள். இரண்டடி போனவள் நின்று, "மாரப்பண்ணா, சாம்பார்ல கல்லு கிடந்த கதையை விட்டுட்டீங்களே" என்று எடுத்துக் கொடுத்தாள்.

"அட, ஆமா பாரு" என்று மாரப்பன் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். கண்ணாத்தாள் சிரித்த சிரிப்பில் மூக்குக் குழாய் நழுவியது. ஜெயராக்கினி வந்து சரிசெய்தாள். கை சில்லென்று இருக்கிறது என்று அதற்கும் ஒரு திட்டு விழுந்தது.

சிகாமணிக்குத் தலை சுற்றியது. ஒரே மோட்டாரில் இத்தனை கோளாறு அவர் கண்டதில்லை. மனசுக்குள்ளேயே அந்தக் கேட்டில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு வந்துவிட்டார்.

வந்து எதையும் சேர்க்காமல் சொன்னார். கழனித்தண்ணியில் நாச்சம்மாள் சிரிக்கத் தொடங்கினார். இட்லிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டார். ஊசி விஷயம் வந்தபோதுதான் சிரிப்பு நின்றது.

"அந்தப் பொண்ணு இருக்கறப்பவேவா சொன்னாரு?"

"அவ காதுபடத்தானுங்க. அதோட விட்டாளா? இவரு மறந்ததை வேற எடுத்துக் குடுக்கறாளுங்க. நான் இருந்த நேரம் பூராவும் சிரிப்பும் சண்டையும்தானுங்க. வேண்டாமுங்கம்மா. முதல் இடத்துக்கே போயிரலாமுங்க."

நாச்சம்மாள் ஒரு அவரைக்காயை எடுத்தார்.

"அண்ணா, மோட்டாரை எப்படிச் சோதிப்பீங்க?"

தன் தொழிலைக் கேட்டதும் சிகாமணி நிமிர்ந்து உட்கார்ந்தார். "கரண்ட் குடுத்து, ஸ்க்ரூடிரைவரை மோட்டார் மேல நிறுத்தி, பிடியில காதை வெச்சுக் கேப்பேனுங்க. உள்ள நடக்கறதெல்லாம் காதுக்கு வந்துரும்."

"என்ன கேக்கும்?"

"பேரிங் தேஞ்சிருந்தாக் கரகரன்னு வருமுங்க. தண்டு கோணலா இருந்தா ஒரு மாதிரி தட்டும். நல்ல மோட்டாரும் ஒரு உறுமல் உறுமத்தான் செய்யுமுங்க."

"ஒரு சத்தமும் கேக்கலைன்னா?"

"அது ஓடவே இல்லைன்னு அர்த்தமுங்க" என்றார் சிகாமணி.

முதல் இல்லத்துப் பெரியவர் மேனேஜரைப் பார்த்த பார்வை ஞாபகம் வந்தது. கண்ணாடிக் கதவு ஞாபகம் வந்தது. கடைசியாக உள்ளே விட்டபோது, எப்படி இருக்கிறாய் என்று கேட்டதற்கு ராஜாமணி நர்ஸைப் பார்த்துவிட்டு, ஒரு குறையும் இல்லைங்க என்றுதான் சொன்னாள். அதைக் கேட்டு அவர் நிம்மதியாக வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார். சிகாமணிக்குக் கண் கலங்கிவிட்டது.

நாச்சம்மாள் முறத்தை அவர் பக்கம் நகர்த்தினார். இருவருமாக அவரைக்காயை உரித்து முடித்தார்கள்.

"அந்தக் கேட்டு ரொம்பக் கத்துதுங்கம்மா" என்றார் சிகாமணி கடைசியில்.

"எண்ணெய் விட்டுக்கலாமுங்ணா."

அந்த வெள்ளிக்கிழமையே குருவை இரண்டாவது இல்லத்தில் சேர்த்தார்கள். கொஞ்ச நாளைக்கு யாரும் வர வேண்டாம், நான் பழகிக்கொள்கிறேன் என்று நாச்சம்மாள் சொல்லிவிட்டார். சிகாமணிக்குச் சோறு இறங்கவில்லை. தேர்ந்தெடுத்தது சரிதானா என்று தூக்கத்திலும் அதே நினைப்பு. அடுத்த வாரம் பொறுக்க முடியாமல் எண்ணெய்க்கிண்ணத்தோடு போனார்.

கேட்டுக்கு எண்ணெய் விட்டுவிட்டு உள்ளே போனார். நாச்சம்மாள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முக்காலி அவர் கட்டிலோரம் வந்திருந்தது. அந்தப் பக்கம் மாரப்பனும் கண்ணாத்தாளும் இருந்தார்கள். நாச்சம்மாளின் உடம்பு இன்னும் இளைத்திருந்தது. முகம் மட்டும் திருவிழாவுக்கு வந்த பெண் முகம்.

சிகாமணி பயந்துகொண்டே கேட்டார். "அம்மா, இங்க என்ன குறைங்க?"

"உக்காருங்ணா. நெறைய இருக்குது."

சிகாமணி உட்கார்ந்தார்.

"காபி கழனித்தண்ணின்னு சொன்னது பொய்யிங்ணா. கழனித்தண்ணி எவ்வளவோ தேவலை. தலைகாணி கருங்கல்லு. மாரப்பண்ணன் அழுகுணி ஆட்டம் ஆடறது வாஸ்தவம், நானே கையும் களவுமாப் பிடிச்சேன். முந்தாநேத்து இடுப்புல பிடிச்ச வலி கால்வரைக்கும் இறங்கிருச்சு. தாங்க முடியலை. கத்திட்டேன்."

சிகாமணி இத்தனை காலத்தில் வலி என்ற வார்த்தையை அந்த வாயிலிருந்து கேட்டதில்லை.

"நீங்க கத்துனீங்களா?"

"தெருவுக்கே கேட்டிருக்கும். ஜெயராக்கினி ஓடியாந்து மருந்து குடுத்தா. அடங்கற வரைக்கும் கையைப் பிடிச்சுட்டு உக்காந்திருந்தா. கை ஐஸுதான். அதையும் சொல்லிட்டேன்."

"ஆசிரமத்துலயும் வலிச்சுதுங்களா அம்மா?"

"வலிச்சுதுங்ணா."

"கேக்கறப்பல்லாம் ஒரு குறையும் இல்லைன்னீங்களே."

"அங்க நான் குருங்ணா. இங்க மூணாவது கட்டில்."

கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்த அந்த இடது கை சிகாமணியின் கண்முன் வந்தது. அழுகை முட்டியது. அழட்டும் என்று நாச்சம்மாள் விட்டுவிட்டார். கண்ணாத்தாள் தன் துண்டை எடுத்து நீட்டினார். மாரப்பன் இதுதான் சமயம் என்று ஒரு காயை இரண்டு கட்டம் தள்ளி வைத்தார்.

"பாத்தீங்களா, பாத்தீங்களா" என்றார் நாச்சம்மாள். "கட்டம் அழிஞ்சு போனது இவருக்கு நல்ல சாக்காப் போச்சு. அண்ணா, பையில சாக்பீஸ் இருக்குதில்ல? புதுசாப் போட்டுக் குடுங்க."

சிகாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, முக்காலிக்குப் பக்கத்தில் மண்டிபோட்டு உட்கார்ந்தார். பழைய கோட்டின் தடத்தில் கட்டங்களை நேராக இழுத்தார். கோடு முடிந்தது, மலைக்கட்டங்களுக்குக் குறி போடுவதுதான் பாக்கி. அதற்குமேல் கை ஓடவில்லை, சாக்பீஸ் பலகைமேல் அப்படியே நின்றது.

"என்னங்ணா யோசனை? மலைக்கட்டத்துலயெல்லாம் பெருக்கல் குறி போடுங்க" என்றார் நாச்சம்மாள். "அதுல ஏறி உக்காந்துட்டா, காயை யாரும் வெட்ட முடியாது."