ஐந்தாவது பெயர்

சந்தனமாரிக்கு நாற்பத்தெட்டு வயது. அவளுடைய குருவுக்கு இருபது.

குருவின் பெயர் ரெக்ஸ்லின். தூத்துக்குடியில் பி.காம். மூன்றாம் வருஷம். ஏழு பையன்கள் ஆடிப் பாடுகிற ஒரு கொரியக் குழுவுக்கு ஊரில் சந்தனமாரியோடு பன்னிரண்டு ரசிகைகள் சேர்ந்து வாட்ஸ்அப் குரூப் வைத்திருந்தார்கள். அதற்கு அவள்தான் தலைவி.

சந்தனமாரிக்குத் தாலுகா ஆபீஸில் வேலை. தமிழில் பேசுகிற ஒரு கொரிய சீரியலின் கடைசியில் வந்த பாட்டைக் கேட்டாள். அதைப் பாடிய சோவூ என்ற பையன் மேல் பைத்தியமாகி, வெட்கத்தை விட்டு ரெக்ஸ்லினிடம் வந்து சேர்ந்தாள். டீச்சர் என்று கேலியாகத்தான் கூப்பிட ஆரம்பித்தாள். நாளாக ஆக அதில் கேலி போய்விட்டது. ரெக்ஸ்லின் ஒருநாளும் அவளை ஆன்ட்டி என்றதில்லை. அந்தக் கூட்டத்தில் மூத்தவர்கள் எல்லோரும் அக்காதான்.

இந்த வயசில் இதென்ன கூத்து என்று வீட்டுக்காரர் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார். சோவூவைப் பற்றி வாய்விட்டுப் பேச அவளுக்கு உலகத்திலேயே அந்த ஒரு குரூப்தான் இருந்தது.

முதலில் பெயர் சொல்லக் கற்றுக்கொண்டாள். பாட்டின் நடுவே இசை மட்டும் வருகிற இடத்தில், ஏழு பேருடைய பெயரையும் வயது வரிசையில் தாளம் தப்பாமல் ரசிகர்கள் கத்த வேண்டும். ஐந்தாவது பெயர் சோவூ. சாம்பார் கொதிக்கும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் முணுமுணுத்து முணுமுணுத்து அவளுக்கு அது நாக்கிலேயே ஒட்டிக்கொண்டது.

தை மாசம் சோவூ குழுவை விட்டுப் போய்விட்டான். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. துரோகி என்றார்கள் சிலர், பாவம் என்றார்கள் சிலர். குரூப்பில் கைகலப்பு ஒன்றுதான் பாக்கி. ரெக்ஸ்லின் ஒரு விதி போட்டாள். இனி அவன் பெயரை யாரும் எடுக்கக் கூடாது, எடுத்தால் நீக்கம். மறுநாளே ஒருத்தியை நீக்கியும் விட்டாள்.

சந்தனமாரி ரெக்ஸ்லினைத் தனியாகப் பார்த்துக் கேட்டாள்.

"ஒரு பேரைச் சொல்லிப் பழகின வாயை என்ன செய்ய, டீச்சர்?"

"அந்த இடத்துல கைதட்டிருங்க, அக்கா. இப்ப எல்லா ஊர்லயும் அப்படித்தான்."

சித்திரையில் குழுவின் புதுக் கச்சேரிப் படம் திருநெல்வேலிக்கு வந்தது. பதினொரு பேரும் பஸ் ஏறினார்கள். நாலு பெயர், ஒரு தட்டு, இரண்டு பெயர் என்று சந்தனமாரி வழியெல்லாம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

திரையில் ஆறு பேர் நின்றார்கள். அவளுக்குப் பிடித்த பாட்டு வந்தது. இசை மட்டும் ஒலிக்கிற இடமும் வந்தது. நாலு பெயர்களைத் தியேட்டரே சேர்ந்து கத்தியது. ஐந்தாவதில் எல்லோரும் கைதட்டினார்கள். அந்தத் தட்டுக்கு மேலே ஒரே ஒரு குரல் "சோவூ" என்றது.

முன்வரிசைக்காரிகள் திரும்பிப் பார்த்தார்கள். சந்தனமாரிக்கு உடம்பே கூசிப்போனது.

இடைவேளையில் பாப்கார்ன் கடைப் பக்கம் வைத்து, குரூப்பில் இருந்த பவதாரணி ஆரம்பித்தாள். நீக்கப்பட்டவள் அவளுடைய சிநேகிதி. அவளுக்கு ஒரு நியாயம், அக்காவுக்கு ஒரு நியாயமா என்று கேட்டாள். மற்றவர்களும் ஆமாம் போட்டார்கள்.

சந்தனமாரியே முன்னால் வந்தாள்.

"விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். என்னை எடுத்துருங்க, டீச்சர்."

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

ரெக்ஸ்லின் போனை எடுத்தாள். சந்தனமாரியின் பெயர் வரைக்கும் விரல் போனது. அங்கேயே நின்றது.

"பவதாரணி, நீயும் கைதட்டினேல்ல?"

"தட்டினேன்."

"தட்டும்போது மனசுக்குள்ள என்ன சொன்ன?"

பவதாரணி வாயில் போட்ட பாப்கார்னை மெல்லாமல் நின்றாள். ரெக்ஸ்லின் மற்றவர்களையும் ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். ஒருத்தியும் நிமிரவில்லை.

சந்தனமாரிக்கு அது எதுவும் கண்ணில் படவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வேணும்னு சொல்லல, டீச்சர். அவன் இல்லேங்கிறது ஒரு நிமிஷம் மறந்துபோச்சு."

ரெக்ஸ்லின் போனைப் பைக்குள் போட்டாள்.

"எனக்கு மறக்கல, அக்கா. நான் போட்ட விதிக்கு நானே பயந்து வாயை மூடிக்கிட்டேன்."