கடுவனின் தொண்டையும் கரடியின் தேனும்

ஒரு காட்டில், மலைச்சரிவும் புல்வெளியும் சேரும் இடத்தில், பெரிய அத்திமரம் ஒன்று நின்றது. அதன் உச்சிக் கிளையில் கடுவன் என்ற நீண்ட வால் குரங்கு குடியிருந்தது. மரத்தடியில் புள்ளிமான் கூட்டம் ஒன்று மேய்ந்துவந்தது. அந்தக் கூட்டத்தின் தலைவிக்கு நவ்வி என்று பெயர்.

குரங்கும் மான்களும் ஒன்றுக்கொன்று காவல். கடுவன் தண்ணீர் குடிக்க ஓடைக்கு இறங்கினால், மான்கள் மூக்கை உயர்த்திக் காற்றை மோந்துகொண்டு நிற்கும். மான்கள் மேயும்போது, கடுவன் உச்சியிலிருந்து நாலாபக்கமும் பார்த்துக்கொண்டிருக்கும். புல்லுக்குள் சிறுத்தையின் முதுகு தெரிந்தால் போதும், "கர்ரக்! கர்ரக்!" என்று கத்தும். அந்தச் சத்தம் கேட்ட மறுகணம் புல்வெளியில் ஒரு மானும் இருக்காது.

கடுவனுக்குக் கண் கூர்மை. சந்தேகமோ அதைவிடக் கூர்மை. பழம் பழுத்துத் தானாக விழுந்தால்கூட, "யார் தள்ளிவிட்டது?" என்று மேலும் கீழும் பார்க்கும். காவலுக்கு இருப்பவனிடம் இந்தக் குணம் இருந்தால் நல்லதுதான் என்று மான்கள் சிரித்துக்கொண்டன.

மார்கழி வந்தது. மலையிலிருந்து பனி இறங்கியது. இலைகளெல்லாம் காலையில் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. உச்சிக் கிளையில் உட்கார்ந்திருந்த கடுவனுக்கு முதலில் மூக்கு ஒழுகியது. அப்புறம் தும்மல் வந்தது. ஒருநாள் காலை எழுந்தபோது தொண்டை கட்டிப்போயிருந்தது. எச்சில் விழுங்கினாலே வலித்தது.

"க... கர்ர்..." என்று கத்திப் பார்த்தது. காய்ந்த சருகை மிதித்தது போன்ற சத்தம்தான் வந்தது.

கீழே நவ்வி நிமிர்ந்து பார்த்தது. "அண்ணா, தொண்டை சரியில்லையா?"

"ஒன்றுமில்லை," என்றது கடுவன் கரகரத்த குரலில்.

"உப்புப்பாறைக் குழியில் தண்ணீர் தேங்கியிருக்கிறது, அண்ணா. வெயில் ஏறியதும் வெதுவெதுப்பாகிவிடும். அந்த உப்புத் தண்ணீரை வாயில் வைத்துத் தொண்டைவரை விட்டுக் கொப்பளித்தால் வீக்கம் குறையும். நாங்கள் துணைக்கு வருகிறோம்."

கடுவன் கண்ணைச் சுருக்கியது. "உப்புப்பாறை இங்கிருந்து எவ்வளவு தூரம்! என்னை ஏன் இந்த மரத்தைவிட்டு இறக்கப் பார்க்கிறாய்? நேற்று மயிலிடம் என்ன பேசிக்கொண்டிருந்தாய்?"

"மயிலிடமா? தோகை நனைந்துவிட்டதா என்று கேட்டேன்."

"நம்பிவிட்டேன்," என்று சொல்லிக் கடுவன் முகத்தைத் திருப்பிக்கொண்டது. 'எனக்குப் பதில் மயிலைக் காவலுக்கு வைக்கப்போகிறார்கள்' என்று அது மனதுக்குள் முடிவு கட்டிவிட்டது.

அன்று மதியம் கரடி வந்தது. அதன் கையில் ஒரு தேக்கிலை. இலையில் தேன். தேனில் நசுக்கிப்போட்ட மிளகு.

"தும்மல் சத்தம் என் குகைவரை கேட்டது," என்றது கரடி. அதற்கு இனிமையாகப் பேசத் தெரியாது. உறுமுவதுதான் அதன் பேச்சு. "இதைக் கொஞ்சம் கொஞ்சமாக நக்கிச் சாப்பிடு. உடனே தண்ணீர் குடிக்காதே."

கடுவன் இறங்கவில்லை. 'இந்தக் கரடி ஒரு சொட்டுத் தேனை யாருக்காவது கொடுத்ததுண்டா? போன பழக்காலத்தில் இந்த மரத்தில் ஏறவந்த இதை நான் கத்தி விரட்டினேனே! அந்தக் கோபத்தை மனதில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறதோ?'

"கீழே வைத்துவிட்டுப் போ. பிறகு சாப்பிடுகிறேன்," என்றது.

கரடி இலையை மரத்தடியில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டது.

பொழுது சாயும் நேரத்தில் முள்ளம்பன்றி வந்தது. அதன் வாயில் தூதுவளைக் கொடியும் துளசிக் கொத்தும் இருந்தன. அதற்கு அவசர புத்தி. நின்று பேசவே நேரம் இருக்காது.

"மென்று சாற்றை விழுங்கு. சளி இளகும். முள்ளைக் கிள்ளிவிட்டுத் தின்னு. நான் வருகிறேன்!" என்று சொல்லிவிட்டு வந்த வேகத்தில் புதருக்குள் ஓடியது.

"உடம்பெல்லாம் முள். கொண்டுவந்த கொடியிலும் முள்!" என்று முணுமுணுத்தது கடுவன். "எதற்கு இவ்வளவு அவசரமாக ஓடுகிறது? நான் தின்று துடிப்பதைப் பார்க்கப் பயமோ?"

தேனும் கீழே கிடந்தது. தூதுவளையும் கீழே கிடந்தது. கடுவன் இரண்டையும் தொடவில்லை.

மறுநாள் காலை நரி வந்தது. மரத்திலிருந்து கொஞ்சம் தள்ளியே நின்றது. இரண்டு முன்னங்கால்களையும் நீட்டிக் காட்டியது.

"காவல்காரரே, பயப்படாதீர்கள். நான் மருந்து எதுவும் கொண்டுவரவில்லை."

கடுவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. "பிறகு எதற்கு வந்தாய்?"

"சும்மா விசாரித்துவிட்டுப் போகலாம் என்றுதான். கீழே என்ன, தேனா? யார் கொடுத்தது?"

"கரடி."

"கரடியா!" நரி புருவத்தை உயர்த்தியது. வேறு ஒன்றும் சொல்லவில்லை. இலையருகே போய்க் குனிந்து பார்த்தது. சட்டென்று பின்வாங்கியது.

"என்ன? என்ன?" என்றது கடுவன்.

"நான் எதையும் சொல்லமாட்டேன். நீங்களே பாருங்கள். எனக்கு வம்பு வேண்டாம்."

கடுவன் கீழ்க்கிளைவரை இறங்கி எட்டிப் பார்த்தது. தேனில் எறும்புகள் செத்து மிதந்தன.

"எறும்புகள் செத்துக் கிடக்கின்றன!" என்று அலறப் பார்த்தது. பாதிக் குரல்தான் வந்தது. "எனக்குத் தெரியும்! எனக்கு அப்போதே தெரியும்!"

எறும்புகள் தேனைக் குடிக்க வந்து, கால் ஒட்டிக்கொண்டு, மூழ்கிச் செத்திருந்தன. எந்தத் தேனிலும் அப்படித்தான் நடக்கும். ஆனால் கடுவனுக்கு அது தோன்றவே இல்லை, குழந்தைகளே. அது தேடிக்கொண்டிருந்தது கிடைத்துவிட்டது, அவ்வளவுதான்.

"உங்கள் புத்தி யாருக்கு வரும்!" என்றது நரி. "நானாக இருந்தால் நக்கிவிட்டிருப்பேன். நீங்கள் கொஞ்சம்கூட ஏமாறவில்லையே!"

கடுவனின் மார்பு நிமிர்ந்தது. இத்தனை நாளில் அதன் சந்தேகத்தை ஒருவர்கூட மெச்சியதில்லை.

"நரியாரே, தொண்டை நெருப்பாக எரிகிறது. என்ன செய்யலாம்?"

"எனக்கு வைத்தியம் தெரியாது, காவல்காரரே. ஆனால் ஒன்று கேட்கிறேன். நெருப்பை எதனால் அணைப்பார்கள்?"

"தண்ணீரால்."

"வெந்நீராலா, குளிர்ந்த நீராலா?"

"குளிர்ந்த நீரால்தான்!" கடுவனின் கண்கள் பளபளத்தன. "விடியற்காலையில் அருவித் தண்ணீர் பனிக்கட்டி மாதிரி இருக்கும். அதைக் குடித்தால்..."

"பார்த்தீர்களா! நான் சொல்லவில்லை, நீங்களே கண்டுபிடித்தீர்கள். சளியை அறுக்க ஏதாவது புளிப்பாகச் சாப்பிட்டால்?"

"விளாங்காய்! நல்ல பச்சை விளாங்காய்!"

"அடடா!" என்று சொல்லி நரி தலையை ஆட்டியது. பிறகு மெதுவாகக் கிளம்பிப்போனது.

போனது எங்கே தெரியுமா? நேராகச் சிறுத்தையின் குகைக்கு. சிறுத்தை அடித்துத் தின்றால் மிச்ச எலும்பு நரிக்கு. மார்கழி பிறந்ததிலிருந்து இரண்டும் அரைப் பட்டினி. பதுங்கிப் போகும்போதெல்லாம் கடுவனின் குரல் காரியத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

"இன்னும் கொஞ்சம் பொறுங்கள்," என்றது நரி. "அந்தக் குரலை அவனே கொன்றுகொண்டிருக்கிறான்."

கடுவன் தினமும் விடியற்காலையில் அருவித் தண்ணீரைக் குடித்தது. பச்சை விளாங்காயை உடைத்துத் தின்றது. இருமல் கூடியது. தொண்டை வீங்கியது. கடைசியில் குரல் அடியோடு போய்விட்டது.

நவ்வி கெஞ்சியது. "அண்ணா, பனித் தண்ணீரைக் குடிக்காதே! கரடியண்ணன் கொடுத்த தேனைத் தொட்டாவது பார்த்தாயா?"

கடுவன் வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை. கையால் கீழே செத்த எறும்புகளைச் சுட்டிக்காட்டியது. பிறகு நவ்வியைச் சுட்டிக்காட்டியது. 'நீயும் அவர்களோடு சேர்ந்தவள்தானே' என்று அதன் பார்வை சொன்னது. நவ்வி ஒன்றும் புரியாமல் தலைகுனிந்து மேயப் போனது.

பனி விலகாத ஒரு காலை. மான்கள் மரத்தடிப் புல்வெளியில் மேய்ந்துகொண்டிருந்தன. காற்று மான்கள் பக்கமிருந்து சரிவை நோக்கி வீசியது. அதனால் சரிவில் யார் வந்தாலும் வாடை மான்களுக்கு எட்டாது. கடுவன் உச்சிக் கிளையில் சுருண்டு உட்கார்ந்திருந்தது.

எதிர்ப் பாறையில் நரி வந்து நின்றது. கடுவன் கையசைத்தது. நரி பதிலுக்கு அசைக்கவில்லை. அது மான்களைப் பார்க்கவில்லை, புல்லைப் பார்க்கவில்லை. கண்கொட்டாமல் கடுவனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

'இது ஏன் என் வாயைப் பார்க்கிறது?'

கடுவன் சட்டென்று சரிவைப் பார்த்தது. உயரமான புல் காற்று வீசிய திசைக்கு எதிராக அசைந்தது. நடுவே மஞ்சள் முதுகு. கறுப்புப் புள்ளிகள். சிறுத்தை! நவ்விக்கு வெகு அருகில் வந்துவிட்டிருந்தது.

கடுவன் வாயைப் பிளந்து கத்தியது. வெறும் காற்றுதான் வந்தது. மறுபடியும் கத்தியது. ஒரு மானும் தலை நிமிரவில்லை.

பாறையில் நின்ற நரி பல்லைக் காட்டிச் சிரித்தது. வாலை ஒருமுறை தூக்கி இறக்கியது. சிறுத்தை முன்னங்கால்களை மடக்கிப் பாயத் தயாரானது.

கடுவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அழுவதற்கும் வெட்கப்படுவதற்கும் நேரமில்லை. உச்சிக் கிளையிலிருந்து கைகளை விட்டுவிட்டது.

கிளைகள் முறிய, இலைகள் சிதற, மடமடவென்று அது மான் கூட்டத்தின் நடுவே வந்து விழுந்தது. மான்கள் வெலவெலத்து நாலாபக்கமும் சிதறி ஓடின. நவ்வி ஒரே தாவில் புதரைத் தாண்டியது. பாய்ந்த சிறுத்தை வெறும் தரையில் வந்து விழுந்தது. கோபத்தில் கடுவனை நோக்கி ஓங்கி அறைந்தது. கடுவன் எப்படியோ அடிமரத்தைப் பற்றி ஏறிவிட்டது. ஆனால் அதன் நீண்ட வாலில் பாதி சிறுத்தையின் நகத்தில் போய்விட்டது.

சிறுத்தை பாறைப் பக்கம் திரும்பியது. "அவனுக்குக் குரல் போய்விட்டது என்றாயே!"

"குரல் போனது உண்மைதான், பிரபு! குதிப்பான் என்று நான்..."

நரியால் பேச்சை முடிக்க முடியவில்லை. சிறுத்தை பாறையில் ஏறும் முன்பே அது மலைக்கு அந்தப் பக்கம் ஓடிவிட்டது. அதற்குப் பிறகு அந்தக் காட்டில் யாரும் அதைப் பார்க்கவில்லை.

வால் காயத்தோடு கடுவன் கரடியின் குகைக்குப் போனது. அங்கே கரடியின் பக்கத்தில் முள்ளம்பன்றியும் இருந்தது. கடுவன் தொண்டையைத் தொட்டுக் காட்டியது. கையேந்தி நின்றது.

கரடி அதை மேலும் கீழும் பார்த்தது. "முதலில் நான் தின்று காட்டவேண்டுமா?"

கடுவன் வேகமாகத் தலையை ஆட்டி மறுத்தது. பிறகு மூச்சுக் காற்றிலேயே, கேட்டும் கேட்காமலும், "எனக்கு ஏன் தேன் கொடுத்தாய், கரடியண்ணா?" என்றது.

"இதுவா பெரிய ரகசியம்?" என்று உறுமியது கரடி. "நான் தேனெடுக்க மரம் ஏறினால் முதுகுப் பக்கம் என்ன வருகிறது என்று எனக்குத் தெரியாது. உன் சத்தத்தை நம்பித்தான் ஏறுகிறேன். உனக்குத் தொண்டை கட்டினால் எனக்கல்லவா கஷ்டம்? அன்றைக்கே கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன்."

"அன்றைக்கு நீ முணுமுணுத்தது புதருக்குள் என் காதில் விழுந்தது. நான் அவசரமாக ஓடியது குட்டிகள் தனியாக இருந்ததால்!" என்றது முள்ளம்பன்றி. "வேறு என்ன நினைத்தாய்?"

கடுவன் தலைகுனிந்தபடி தேன் இலையை வாங்கிக்கொண்டது.

அது மிளகுத் தேனை நக்கியது. தூதுவளையை முகம் சுளித்துக்கொண்டே மென்றது. வெயில் ஏறியதும் மான்கள் துணைக்கு வர, உப்புப்பாறைக் குழியில் வெதுவெதுப்பான தண்ணீரைக் கொப்பளித்தது. வீக்கம் மெல்ல வடிந்தது. வலி குறைந்தது.

தை மாத வெயில் நன்றாகக் காயத் தொடங்கிய ஒரு காலையில் கடுவன் உச்சிக் கிளையில் ஏறி, தொண்டையைச் செருமிவிட்டு, "கர்ரக்! கர்ரக்!" என்று கத்திப் பார்த்தது.

குரல் கணீரென்று வந்தது. அவ்வளவுதான், மறுகணம் புல்வெளி காலியாகிவிட்டது. கரடி பாதி மரத்திலிருந்து வழுக்கி இறங்கியது.

வெகுநேரம் கழித்து நவ்வி மூச்சிரைக்கத் திரும்பிவந்தது. "எங்கே, அண்ணா? எந்தப் பக்கம்?"

"ஒன்றும் வரவில்லை. குரல் வந்துவிட்டதா என்று பார்த்தேன்," என்றது கடுவன். "நீங்கள் என்ன, ஏது என்று பார்க்காமலா ஓடினீர்கள்?"

"நீ கத்தினாய், ஓடினோம்," என்றது நவ்வி. "அதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?"



நீதி: எல்லோரையும் சந்தேகிப்பவன், தன் சந்தேகத்துக்குத் தலையாட்டுகிறவனிடம் ஏமாந்துபோவான்.