நெஞ்சுல ஒட்டின சேறு

கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு சேத்து ரேஸு. காலையில மெக்கானிக் மரகதம் பைக்கோட செயினைக் கழட்டி, மண்ணெண்ணெயில ஊறப்போட்டு, கண்ணி கண்ணியா தேய்ச்சு, எண்ணெய் விட்டு மாட்டிக் கொடுத்தா. அதை ஓட்டிட்டுப் போன தர்ஷன், கண்ணாடி முன்னாடி மட்டும் ஜெயிக்கிற மகராசன், கடைசி ஆளா வந்து சேர்ந்தான்.

"ஓனரே, கடைசி வளைவு வரைக்கும் நான்தான் முதல்ல! இவ ஒழுங்கா கழுவாத செயின் அங்க சிக்கிருச்சு. இவளை இன்னைக்கே வேலையை விட்டு அனுப்புங்க!"

பைக் ஓனர் பழனியப்பன் முகம் கறுத்துருச்சு. "நீ சுத்தமாத்தான் மாட்டினேன்னு காட்ட முடியுமாம்மா?"

சேத்துல முங்கி வந்த செயின்ல என்னத்தைக் காட்டுறது? மரகதம் பிரஷ்ஷை எடுத்தா. செயின் பக்கமே போகல. தர்ஷன் நெஞ்சுல ஒரு இழு இழுத்தா. மேல ஈரச்சேறு, அடியில காஞ்ச சேறு, ஒரு விரல் கனத்துக்கு.

"ஏய், என்ன பண்ற?"

"முன்னாடி போற வண்டியோட பின்சக்கரம்தானுங்ணா பின்னாடி வர்றவங்க நெஞ்சுல சேத்தை வாரி அடிக்கும்? அடியில இருக்கிறது காஞ்சே போச்சு, அப்ப கடைசி வளைவுக்கு ரொம்ப முன்னாடியே அடிச்சது. மொத ஆளா போன உங்களுக்கு அம்புட்டு நேரமும் முன்னாடி போனது யாருங்ணா?"

கூட்டம் கொல்லுனு சிரிச்சுது.

ஓனர் பிரஷ்ஷை வாங்கி தர்ஷன் கையில திணிச்சார். "நெஞ்சை அப்புறம் கழுவிக்க தம்பி. முதல்ல செயினைக் கழட்டு. மரகதம், சுத்தமா தேய்க்கிறானான்னு நீ உக்காந்து பாரும்மா."