வாசற்படியில் வலது கால்

கடற்கரை ஊர் ஒன்றில் பூங்காவனம் என்ற மீன்காரிக்கு இரண்டு கால்கள் இருந்தன. எல்லோருக்கும் இருப்பதுதான். ஆனால் இவளுடைய வலது காலுக்குக் கொஞ்சம் தலைக்கனம். கல்யாணம், புது வீடு, கடை திறப்பு, எதற்கும் அதைத்தானே முதலில் வைக்கிறார்கள்.

ஒரு நாள் அதன் குதிகாலைக் கிளிஞ்சல் கீறியது.

"வலிக்குதா?" என்றது இடது கால்.

"போடி. இதெல்லாம் ஒரு காயமா?"

பூங்காவனமும் மஞ்சளை அப்பிக்கொண்டு கூடையைத் தூக்கினாள். காயம் சீழ் வைத்தது. கிருமி ரத்தத்தில் இறங்கியது. காய்ச்சல், நடுக்கம், உளறல். ஆஸ்பத்திரியில் செப்சிஸ் என்றார்கள். மூச்சுக்கு மெஷின் வைத்தார்கள். குதிகாலில் அழுகிய சதையை வெட்டி எடுத்தார்கள். பிழைப்பாளா என்று கேட்டதற்கு டாக்டர், "பார்க்கலாம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

பிழைத்தாள். கண் விழித்தபோது இரண்டு கால்களும் முருங்கைக்காய் மாதிரி மெலிந்து கிடந்தன.

"எல்லாம் என்னாலதான்," என்றது வலது கால்.

"ஆமா, உன்னாலதான். அழுதா சதை வருமா? விரலை ஆட்டு."

ஆட்டியது. ஒரு விரல்தான் அசைந்தது.

வீடு திரும்பிய நாள். ஆட்டோவை விட்டு இறங்கியதும் நாத்தனார் தெய்வானை ஆரத்தி சுற்றினாள். எதிரே ஒரே ஒரு படி.

"வலது காலை எடுத்து வச்சு வாங்க, அண்ணி."

வலது கால் எழும்பிப் படியில் ஊன்றியது. முழங்கால் மடங்கியது. கணவன் ஏகாம்பரம் தாங்கிப் பிடித்தான். மறுபடி ஊன்றியது. மறுபடியும் மடங்கியது.

"விடு, நான் தூக்கிட்டுப் போயிடறேன்," என்றான் அவன்.

"இத்தனை நாளா ஆளாளுக்குத் தூக்கினது போதும். என் வீட்டுக்குள்ள நான் நடந்துதான் வருவேன்." சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கியது.

வலது கால் இடது காலைத் திரும்பிப் பார்த்தது. "நீ முதல்ல ஏறு."

"நானா? சகுனம் பார்க்கிற வீடு. நாத்தனார் வாயை யார் அடைக்கிறது?"

"நான் ஏறினா இவ விழுவா. இன்னொரு தடவை இவளை நான் படுக்கப் போட மாட்டேன். ஏறுடி!"

இடது கால் ஏறி ஊன்றிக்கொண்டது. வலது கால் தள்ளாடிப் பின்னாலேயே வந்து சேர்ந்தது. பூங்காவனம் வீட்டுக்குள் நின்றாள்.

"ஐயையோ அண்ணி, இடது கால்!"

"ரெண்டும் என் காலுதான்டி. சோத்தைப் போடு, பசிக்குது."

அவள் வாயில் பசி என்ற சொல்லைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! ஆரத்தித் தண்ணீரைத் தெருவில் கொட்டிவிட்டு தெய்வானை அடுப்படிக்கு ஓடினாள்.

மாதங்கள் போயின. முடி கொத்தாகக் கொட்டியது, பிறகு முளைத்தது. சில நாள் மீன் விலையே மறந்துபோகும். கூடையில் பாதிதான் சுமந்தாள். வழியில் உட்கார்ந்தாள், எழுந்தாள், சந்தைக்குப் போய்ச் சேர்ந்தாள்.

"இன்னும் பழையபடி ஆகலியா?" என்று இழுத்தாள் ஒரு வாடிக்கைக்காரி.

பூங்காவனம் என்ன சொல்வதென்று யோசித்தாள். கீழேயிருந்து வலது கால் சொன்னது:

"வந்துக்கிட்டே இருக்கேன்னு சொல்லு. எப்போன்னு கேட்டா, மீனைக் கட்டிக் கொடுத்து அனுப்பு."