மேலாளர் பார்க்கக் கேட்ட வலி

தென்காசிப் பக்கம் ஓர் ஆபீஸ் இருந்ததாம். அங்கே மேலாளர் தாமோதரனுக்குப் பூத்துண்டு விரித்த மெத்தை நாற்காலி. கணினியில் வேலை பார்க்கும் இசக்கியம்மாளுக்கோ சாய்மானம் உடைந்த பழைய நாற்காலி. அதில் உட்கார்ந்து உட்கார்ந்தே அவளுக்கு இடுப்பு விட்டுப்போனது. இப்படியே போனால் வேலையை விட வேண்டியதுதான் என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

வேறு நாற்காலி கேட்டு மனு கொடுத்தாள்.

"வலி வலின்னா எப்படிம்மா? என் கண்ணுக்குக் காட்டு. உடனே கையெழுத்துப் போடறேன்" என்றார் தாமோதரன்.

"சரி சார். நாளைக்குக் காட்டுதேன்."

மறுநாள் நூறு விண்ணப்பங்களுக்கு அவர் ஒப்புதல் தர வேண்டும். அது அவள் கணினியில்தான் நடக்கும். வழக்கமாகத் தன் ரகசிய எண்ணை அவளிடம் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். அன்று இசக்கியம்மாள் எழுந்து நின்றுகொண்டாள்.

"உங்க ஒப்புதலை நான் போடுறது தப்பு சார். நீங்களே உட்காருங்க."

அவள் நாற்காலியில் உட்கார்ந்து ஆரம்பித்தார். பத்தாவது விண்ணப்பத்திலேயே நெளிந்தார். நாற்பதில் கழுத்தைத் திருகினார். எழுபதில், "ஐயோ அம்மா!" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

இசக்கியம்மாள் தன் பையிலிருந்த தைலத்தை நீட்டினாள்.

"கண்ணுக்குக் காட்டத்தான் பார்த்தேன் சார். அது இடுப்பைவிட்டு மேல ஏற மாட்டேங்குது."

ஆபீஸே சிரித்தது. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மனுவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

"புதுசு வர்ற வரைக்கும் என் நாற்காலியில உட்காரும்மா."

"அப்ப மீதி முப்பது, சார்?"

"அதை நான் நின்னுக்கிட்டே போட்டுக்கறேன், தாயே!"