இரண்டு பக்கமும் பூட்டிய வீடு

பூரணியம்மாளிடம் போனால் தெளிவு கிடைக்கும் என்று ஊரில் சொல்வார்கள். போய்விட்டு வந்தவர்கள் அப்படிச் சொன்னதில்லை. தலையைச் சொறிந்துகொண்டே பஸ் ஏறுவார்கள். அடுத்த வாரம் மறுபடியும் வந்து நிற்பார்கள்.

தாமோதரன் அவர்களில் ஒருவர். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். வயதில் அம்மாளைவிட ரொம்பவே மூத்தவர். அவர் அவளை 'அம்மா' என்பார், அவள் அவரை 'அண்ணே' என்பாள். புதிதாக வந்தவர்களுக்கு இதில் யார் குரு, யார் சீடர் என்று புரியாது. தாமோதரனுக்கு அந்தச் சந்தேகமே கிடையாது. அம்மாள் தும்மினால்கூட அதற்கு உள்ளர்த்தம் தேடுகிறவர் அவர்.

அன்று காலையும் வந்து உட்கார்ந்தார்.

"மனசு ஒரு நிலையில இல்லம்மா. எது எங்க இருக்குன்னே தெரியல. ஒரே குழப்பம்."

அம்மாள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். விரலில் சூடு பட்ட தழும்பு இருந்தது.

"வீட்டுல யாரு இருக்கா, அண்ணே?"

தாமோதரன் கண்ணை மூடிக்கொண்டார். அம்மாள் சும்மா கேட்க மாட்டாள் என்று அவருக்குத் தெரியும்.

"ஆத்மா இருக்கும்மா."

"சாப்பிட்டாச்சா?"

"யாரு, ஆத்மாவா?"

அம்மாள் எழுந்து போய்க் கீரைப் பாத்திக்குத் தண்ணீர் விட்டாள். தாமோதரன் அதையும் உற்றுப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. கும்பிட்டுவிட்டு வண்டியை எடுத்தார்.

அவருடைய வீடு ஊரைவிட்டுத் தள்ளி, கடலைக்காட்டுக்கு நடுவில் இருந்தது. கூப்பிடு தூரத்தில் வேறு வீடு கிடையாது. அது அவருக்கு வசதியாகவே இருந்தது. அவர் மனைவி கனகவல்லிக்கு ஞாபகம் நழுவத் தொடங்கி நாளாகிவிட்டது. முதலில் உப்பை மறந்தாள், பிறகு தெருவை, பிறகு ஆட்களை. இது ஒருவருக்கும் தெரியாது. கேட்டவர்களிடம் அவளுக்கு மூட்டுவலி என்று சொல்லிவைத்தார். அவரே சமைத்தார், அவரே அவளுக்குத் தலை பின்னினார். எந்தப் பின்னலும் நேராக வந்ததில்லை. அவளுடைய சர்க்கரைக்கு மாத்திரை வாங்கப் போகிற டாக்டரிடம்கூட இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஊர் அவளைப் பைத்தியம் என்று சொல்லிவிடும் என்று பயந்தார். தினமும் பயந்தே செத்துக்கொண்டிருந்தார்.

வெளியே போகும்போது வாசலைப் பூட்டிவிட்டுப் போவார். ஜன்னல்களைச் சாத்திவைப்பார். பின்கதவை எப்போதோ ஆணி அடித்து மூடியாகிவிட்டது. போவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் சொல்வார்: "நான் வர்ற வரைக்கும் யாரு வந்தாலும் கதவைத் திறக்காத, கனகு."

அன்று வந்து பூட்டைத் திறந்தார். கதவைத் தள்ளினார். நகரவில்லை. உள்ளே தாழ்ப்பாள் விழுந்திருந்தது. அப்படி ஒரு தாழ்ப்பாள் இருப்பதே அவளுக்கு மறந்திருக்கும் என்று அவர் நினைத்திருந்தார்.

"கனகு, கதவைத் திற."

"யாருங்க?"

"நான்தான்."

"அவரு வீட்டுல இல்லீங்க. வந்தப்புறம் வாங்க."

"நான்தான் அவரு!"

அவள் மரியாதையாகவே சொன்னாள்: "எல்லாரும் அப்படித்தாங்க சொல்லுவாங்க. அவரு சொல்லித்தான் போயிருக்காரு."

தாமோதரன் வண்டியிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து வந்தார். ஊருக்கே வெளிச்சம் போட்ட கைக்கு ஒரு தாழ்ப்பாளா பெரிது என்று கதவிடுக்கில் விட்டு நெம்பினார். மரம் பெயர்ந்தது, தாழ்ப்பாள் அசையவில்லை. உள்ளே கனகவல்லி அலறினாள். "திருடன், திருடன்! ஏங்க, சீக்கிரம் வாங்களேன்!" என்று அவள் புருஷனைக் கூப்பிட்டு அழுதாள்.

கூப்பிடப்பட்டவர் கதவுக்கு வெளியே ஸ்க்ரூடிரைவரோடு நின்றார். அப்படி ஒரு குழப்பம் அவருக்கு வாழ்க்கையில் வந்ததில்லை.

மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்கியிருந்தது. சாப்பாடு தள்ளிப்போனால் அவளுக்குக் கண் இருட்டிவிடும். ஒரு தடவை விழுந்திருக்கிறாள். தாமோதரன் வண்டியைத் திருப்பிக்கொண்டு அம்மாளிடம் பறந்தார்.

"அம்மா, வீட்டுக் கதவு உள்பக்கம் தாழ் போட்டிருக்கு. இதுக்கு என்னம்மா அர்த்தம்?"

"கதவு திறக்காதுன்னு அர்த்தம்."

"நான் என்ன செய்யணும்?"

"பூட்டு ரிப்பேர் பண்றவரைக் கூப்பிடுங்க."

தாமோதரன் கைகளைக் குவித்தார். உள்ளே இருக்கும் பூட்டைத் திறக்கிறவன் இறைவன் ஒருவனே அல்லவா? கண்ணை மூடப் போனார்.

"கண்ணைத் திறங்க அண்ணே. டவுன்ல தேரடி முக்குல கடை வச்சிருக்காரே காதர், அவரு. போன் வச்சிருக்கீங்களா?"

"வெளியாள் வேண்டாம்மா. நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"எனக்குக் கதவு திறக்கத் தெரியாது. வேணும்னா கூட வரேன்."

அம்மாள் எண்ணைச் சொல்லச் சொல்ல அவர் போன் செய்தார். இரண்டு தடவை தப்பான எண்ணுக்குப் போனது.

காதர் டிவிஎஸ்ஸில் வந்து இறங்கியபோது தாமோதரனும் அம்மாளும் வாசலில் இருந்தார்கள். காதர் கதவைப் பார்த்தார். பெயர்ந்து கிடந்த மரத்தைப் பார்த்தார். தாமோதரன் கையில் இருந்த பூட்டைப் பார்த்தார்.

"இது எந்தக் கதவுப் பூட்டு?"

"இந்தக் கதவுதான்."

"வெளிய யாரு பூட்டினது?"

"நான்."

"உள்ள யாரு தாழ் போட்டது?"

"என் சம்சாரம்."

காதர் பையைக் கீழே வைக்கவில்லை. கதவருகே போய்க் குரல் கொடுத்தார்.

"தாயி, உள்ள இருக்கீங்களா? இங்க ஒருத்தரு வீட்டுக்காரர்னு நிக்கிறாரு. திறக்கலாமா?"

"வேண்டாங்க! அந்த ஆளு கதவை உடைச்சான். எங்க வீட்டுக்காரர் வரட்டும்." குரல் முன்னைவிடச் சன்னமாக இருந்தது.

காதர் திரும்பினார்.

"மன்னிச்சிருங்க ஐயா. சாவி தொலைஞ்சா திறந்து குடுப்பேன். உள்ள ஒரு பொம்பளை வேண்டாங்கிற கதவை நான் தொடறதில்ல. புருஷனுக்குப் பயந்து தாழ் போட்டுக்கிட்டவங்களையும் பார்த்திருக்கேன். அதுலயும் நீங்க வெளிய வேற பூட்டியிருக்கீங்க. ரெண்டு பக்கமும் பூட்டின வீடு எனக்குப் புரியல."

"நான் அந்த மாதிரி ஆளு இல்லப்பா!"

"யாராவது தெரிஞ்சவங்க சொல்லட்டும்."

தாமோதரன் அம்மாளிடம் ஓடினார். "நீங்க சொல்லுங்கம்மா. நான் யாருன்னு உங்களுக்குத் தெரியும்."

"எனக்கு என்ன தெரியும் அண்ணே? வீட்டுல யாருன்னு கேட்டேன். ஆத்மான்னீங்க."

காதர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவரும் குழம்பிவிட்டார். வண்டியை உதைக்கப் போனார்.

உள்ளே ஒரு பாத்திரம் விழுந்து உருண்டது. அப்புறம் சத்தமே இல்லை.

"கனகு!"

பதில் வரவில்லை. தாமோதரன் காதரின் வண்டிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"அவளுக்கு ஞாபகம் போச்சுப்பா," என்றார். "என்னையே தெரியல. காலையில தெரியுது, மதியம் தெரியல. எங்கயாவது போயிருவான்னு பூட்டினேன். ஊருக்குத் தெரிஞ்சா கேலி பண்ணுவாங்கன்னு பூட்டினேன். யார்கிட்டயும் சொல்லல. சர்க்கரை இருக்கு அவளுக்கு. இன்னும் சாப்பிடல. என்னால முடியலப்பா."

சொல்லிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து அழுதார். சின்னப் பிள்ளைகூட அப்படி அழாது.

அம்மாள் அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தாள். "சுகாதார நிலையத்து நர்சம்மாவையும் வரச் சொல்றேன். சரியா?"

முன்பெல்லாம் அர்த்தம் கேட்டிருப்பார். இப்போது தலையை மட்டும் ஆட்டினார்.

காதர் பையை இறக்கினார். கதவில் வாயை வைத்தார்.

"தாயி, நான் பூட்டு ரிப்பேர் காதர். தாழ்ப்பாளைப் பார்க்க வந்திருக்கேன். காது கேக்குதா?"

மெல்லக் குரல் வந்தது. "அவரு சொல்லி அனுப்பினாரா?"

"ஆமா தாயி. அவருதான் போன் பண்ணிக் கூப்பிட்டாரு."

"அப்பச் சரி. செய்யுங்க. எனக்கு எந்திரிக்க முடியல."

தாழ்ப்பாள் இருக்கும் இடத்தைத் தட்டிப் பார்த்து, சின்னதாக ஒரு துளை போட்டு, வளைத்த கம்பியை உள்ளே விட்டார் காதர். இழுத்தார். கதவு திறந்தது.

கனகவல்லி சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். முகம் வியர்த்திருந்தது. பக்கத்தில் இரண்டு தட்டுகள். ஒன்றில்கூடச் சோறு இல்லை. அம்மாள் சர்க்கரை டப்பாவைத் தேடி எடுத்து, தண்ணீரில் கரைத்து அவள் வாயில் வைத்தாள். பாதியைக் குடித்தபின் அவளுக்குக் கண் தெளிந்தது.

"சாப்பிட்டாச்சா?" என்று கேட்டாள் அம்மாள்.

"அவரு வரட்டும்னு இருக்கேன். தனியா உக்காந்து சாப்பிட மாட்டாரு."

காதர் கருவிகளைப் பொறுக்குவதில் மும்முரமானார். கனகவல்லி அவரைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, அவரு வர்ற வரைக்கும் திறக்கக் கூடாதுன்னாரு. இப்பத் திறந்தாச்சு. திட்டுவாரோ?"

"திட்ட மாட்டாரு, கனகு," என்றார் தாமோதரன் வாசலிலிருந்து. இன்னும் உள்ளே கால் வைக்கவில்லை.

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். பயம் இல்லை. அடையாளமும் இல்லை.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

தாமோதரன் வழக்கம்போல அம்மாளைப் பார்த்தார்.

"அம்மா, இதுக்கு நான் என்ன சொல்றது?"

பூரணியம்மாள் இரண்டு தட்டிலும் சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

"உள்ள வந்து உக்காருங்க, அண்ணே," என்றாள். "அவங்க கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."